ஒரே பாட்டு, இரண்டு தட்டு: 1955-இல் முதலிடம் யாருக்கு?

பழைய ஆங்கிலப் பாடல்களை ஒலியேற்றும் வானொலி நிலையங்கள் 1955 என்றதும் கையில் எடுப்பது பெரும்பாலும் ஒரே பாட்டைத்தான். பில் ஹேலியும் அவருடைய காமெட்ஸ் குழுவினரும் தந்த ‘ராக் அரவுண்ட் த கிளாக்’ என்ற பாட்டு அது. 1955 ஜூலை 9ஆம் தேதி அமெரிக்காவின் ‘பில்போர்டு’ சஞ்சிகையின் விற்பனைப் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்து, எட்டு வாரம் அசையாமல் நின்றது. ராக் அண்ட் ரோல் யுகத்தின் தொடக்க நாளாக அந்தத் தேதியைத்தான் பலரும் குறிப்பிடுகிறார்கள்.

சொல்லப்போனால், பாட்டுக்கு அப்போதே ஒரு வயது தாண்டிவிட்டது. 1954 ஏப்ரல் 12ஆம் தேதி நியூயார்க்கில் டெக்கா நிறுவனத்துக்காக அது பதிவானது. வெளிவந்தபோது தட்டின் பின்பக்கத்தில்தான் அதற்கு இடம் கிடைத்தது. விற்பனையும் சுமார்தான். மறு ஆண்டு, முரட்டு மாணவர்கள் நிறைந்த ஒரு நகரப் பள்ளியைக் காட்டும் ‘பிளாக்போர்டு ஜங்கிள்’ என்ற திரைப்படம் வந்தது. படத்தின் தொடக்கத்தில் பெயர்கள் ஓடும்போது இந்தப் பாட்டு ஒலித்தது. நாயகன் கிளென் ஃபோர்டின் சிறு வயது மகன் வீட்டில் வைத்திருந்த தட்டிலிருந்துதான் படக்குழுவுக்கு இந்த யோசனை வந்ததாம். படம் பார்த்த இளையர்கள் அடுத்த நாளே தட்டுக் கடைகளில் போய் நின்றார்கள்.

அந்தப் பாட்டின் நடுவில் மின்னல் போல வரும் கித்தார் இசையை வாசித்தவர் டேனி செட்ரோன். பதிவு நேரத்துக்கு அவர் பெற்ற கூலி 21 டாலர். 1954 ஜூனில் மாடிப்படியில் விழுந்து அவர் இறந்துபோனார். பாட்டு முதலிடத்துக்கு வந்தது அவருக்குத் தெரியாது.

தட்டில் ஒலிப்பவர் ஒருவர், பணம் போய்ச் சேருவது இன்னொருவருக்கு. 1955இன் பட்டியலைக் கொஞ்சம் உன்னிப்பாகப் பார்த்தால் இந்தக் கதைதான் திரும்பத் திரும்ப வருகிறது.

மூன்று டேவி க்ராக்கெட்

பில் ஹேலிக்கு முன்னால் முதலிடத்தில் பத்து வாரம் இருந்தவர் கியூபாவைச் சேர்ந்த பெரஸ் பிராடோ. ‘செர்ரி பிங்க்’ என்று தொடங்கும் நீண்ட பெயர் கொண்ட மாம்போ இசை அது. அதற்கு முன்பு பில் ஹேய்ஸ் பாடிய ‘டேவி க்ராக்கெட்’ கதைப்பாட்டு ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்தது. பிறகு மிட்ச் மில்லரின் ‘யெல்லோ ரோஸ் ஆஃப் டெக்சஸ்’, ரோஜர் வில்லியம்ஸ் பியானோவில் வாசித்த ‘ஆட்டம் லீவ்ஸ்’, ஆண்டு முடியும் நேரத்தில் டென்னசி எர்னி ஃபோர்டின் ‘சிக்ஸ்டீன் டன்ஸ்’. ராக் அண்ட் ரோல் பிறந்த ஆண்டு என்றாலும் முதலிடத்தில் அந்த வகைப் பாட்டு அபூர்வம்.

இன்றைய ரசிகர்களுக்கு இதைவிட வியப்பான ஒன்று உண்டு. அந்த டேவி க்ராக்கெட் பாட்டை பில் ஹேய்ஸ் மட்டும் பாடவில்லை. டிஸ்னியின் தொலைக்காட்சித் தொடரில் நாயகனாக நடித்த ஃபெஸ் பார்க்கரும் பாடினார், டென்னசி எர்னி ஃபோர்டும் பாடினார். மூவரின் தட்டுகளும் ஒரே சமயத்தில் முதல் பத்துக்குள் இருந்தன. ‘அன்செயின்ட் மெலடி’ பாட்டும் அப்படியே. பலருக்கு அது 1990இல் வந்த ‘கோஸ்ட்’ படத்தில் கேட்ட பாட்டு. படத்தில் ஒலித்தது ரைச்சஸ் பிரதர்ஸ் இருவர் 1965இல் வெளியிட்ட தட்டு. ஆனால் 1955லேயே லெஸ் பாக்ஸ்டரின் வாத்தியக் குழு, கண்பார்வையற்ற பாடகர் அல் ஹிப்லர், ராய் ஹேமில்டன் ஆகிய மூன்று தரப்பும் அதை வெவ்வேறு தட்டுகளாக வெளியிட்டு முதல் பத்துக்குள் வந்துவிட்டன.

காரணம் எளியது. அந்தக் காலத்தில் விற்பனைப் பொருள் பாட்டுதான், பாடகர் அல்ல. பாட்டின் உரிமையை வைத்திருந்த பதிப்பகம், எத்தனை பேர் பாடினால் அத்தனை லாபம் என்று எல்லா நிறுவனங்களின் வாசலையும் தட்டும். 1909ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் அதற்கு வழி வகுத்தது. ஒரு பாட்டு ஒருமுறை அனுமதியுடன் தட்டில் பதிவாகிவிட்டால், அதன்பின் யார் வேண்டுமானாலும் அதைப் பாடிப் பதிவு செய்யலாம். விற்கும் ஒவ்வொரு தட்டுக்கும் 2 காசு கொடுத்தால் போதும்.

அந்த 2 காசு யாருக்கு என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பாட்டை எழுதியவருக்கும் பதிப்பகத்துக்கும் அது போகும். முதலில் பாடியவருக்கு அதில் ஒரு காசும் கிடையாது.

ஊருக்கு இரண்டு பட்டியல்

அன்று பில்போர்டு ஒரே பட்டியலை வெளியிடவில்லை. கடைகளில் அதிகம் விற்றவை, வானொலி அறிவிப்பாளர்கள் அதிகம் சுழல விட்டவை, காசு போட்டால் பாடும் ஜூக் பாக்ஸ் பெட்டிகளில் அதிகம் ஒலித்தவை என்று மூன்று பட்டியல்கள் இருந்தன. மூன்றையும் சேர்த்துப் பார்க்க வழி செய்த ‘டாப் 100’ பட்டியல் 1955 நவம்பர் 12ஆம் தேதிதான் வந்தது. இன்று உலகமே அறிந்த ‘ஹாட் 100’ வந்தது 1958 ஆகஸ்டில்.

இவற்றுக்கு வெளியே, கறுப்பின மக்கள் வாங்கும் தட்டுகளுக்கு என்று தனிப் பட்டியல் இருந்தது. 1949 வரை அதன் பெயர் ‘ரேஸ் ரெக்கார்ட்ஸ்’, அதாவது இனத் தட்டுகள். அந்த ஆண்டு பில்போர்டில் வேலை பார்த்த ஜெரி வெக்ஸ்லர் சொன்ன யோசனைப்படி ‘ரிதம் அண்ட் புளூஸ்’ என்று பெயர் மாறியது. பெயர் மாறினாலும் சுவர் இடியவில்லை. கறுப்பினப் பாடகர்களின் தட்டுகளை வெளியிட்டவை பெரும்பாலும் சிறு நிறுவனங்கள். நாடு முழுவதும் தட்டுகளைக் கொண்டுபோய்ச் சேர்க்க அவற்றுக்கு வசதி போதாது. வெள்ளையர்களுக்கான வானொலி நிலையங்கள் பலவும் அவற்றை ஒலியேற்ற மறுத்தன.

ஆனால் பாட்டுகள் நன்றாக இருந்தன. பெரிய நிறுவனங்களுக்கும் அது தெரிந்திருந்தது. எனவே ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலில் ஒரு பாட்டு மேலே ஏறத் தொடங்கியதும், வெள்ளைப் பாடகர் ஒருவரை வைத்து அதே பாட்டை அவசர அவசரமாகப் பதிவு செய்து பொதுப் பட்டியலுக்கு அனுப்பிவிடுவார்கள். லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் ஒரு வீட்டுக் கார்க் கொட்டகையில் பதிவான பெங்குயின்ஸ் குழுவின் ‘எர்த் ஏஞ்சல்’ பொதுப் பட்டியலில் எட்டாம் இடம் வரை வந்தது. கனடாவைச் சேர்ந்த க்ரூ கட்ஸ் குழுவின் பதிப்பு அதை முந்தி மூன்றாம் இடத்துக்குப் போனது. மூன்குளோஸ் குழுவின் ‘சின்சியர்லி’ இருபதாம் இடத்தோடு நின்றது. அதையே பாடிய மெக்குவயர் சகோதரிகள் முதலிடத்தில் வாரக்கணக்கில் அமர்ந்திருந்தார்கள்.

காப்புறுதிப் பத்திரம் அனுப்பிய பாடகி

பாட்டைத் திரும்பப் பாடுவது ஒன்று, பாடிய விதத்தையே அப்படியே எடுத்துக்கொள்வது வேறு. லாவேர்ன் பேக்கரின் வழக்கு இரண்டாவது வகை.

சிக்காகோவில் பிறந்த பேக்கர், அட்லாண்டிக் நிறுவனத்துக்காகப் பாடிய ‘ட்வீடில் டீ’ 1955 தொடக்கத்தில் சூடு பிடித்தது. ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலில் நான்காம் இடம் கிடைத்தது. பொதுப் பட்டியலிலும் பதினான்காம் இடம் வரை ஏறியது. அதற்குள் மெர்க்குரி நிறுவனம் ஜார்ஜியா கிப்ஸ் என்ற வெள்ளைப் பாடகியை வைத்து அதே பாட்டை வெளியிட்டது. வாத்தியங்கள் நுழையும் இடம், பின்பாட்டுக்காரர்கள் இழுக்கும் அசை, தாளத்தின் துள்ளல் எல்லாமே பேக்கரின் தட்டில் உள்ளபடியே இருந்தன. அட்லாண்டிக்கின் ஒலிப்பதிவாளர் டாம் டவுட் பிற்காலத்தில் ஒரு செய்தியைச் சொன்னார். அதே இசைக்கலைஞர்கள் கிடைத்துவிட்டார்கள், ஒலிப்பதிவாளரும் அதே ஆளாக இருக்கட்டும் என்று அவரையே அந்தப் பதிவுக்குக் கூப்பிட்டார்களாம்! கிப்ஸின் தட்டு பொதுப் பட்டியலில் இரண்டாம் இடம் பிடித்தது.

பாட்டை எழுதியவர் வின்ஃபீல்ட் ஸ்காட். இரண்டு தட்டு விற்றாலும் எழுதியவர் என்ற முறையில் பணம் அவர் பக்கம் போகும். பேக்கருக்கோ தம்முடைய தட்டு விற்றால் மட்டுமே பங்கு. இந்த நகலால் தமக்கு 15,000 டாலர் போய்விட்டது என்று அவர் கணக்குச் சொன்னார். வழக்குப் போடலாமே என்று தோன்றலாம். ஆனால் 1950லேயே அந்தக் கதவு மூடிவிட்டது. பாலா வாட்சன் என்ற கறுப்பினப் பாடகி பாடிய ‘எ லிட்டில் பர்ட் டோல்ட் மீ’ பாட்டை டெக்கா நிறுவனம் ஈவ்லின் நைட்டைக் கொண்டு பாட வைத்தது. வாட்சனின் தட்டை வெளியிட்ட சுப்ரீம் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. ஒரு பாட்டுக்குச் செய்யப்படும் இத்தகைய இசை அமைப்பு யாருக்கும் சொந்தமான சொத்து ஆகாது என்று லாஸ் ஏஞ்சலிஸ் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

நீதிமன்றம் கைவிட்ட பிறகு பேக்கர் அரசியல் கதவைத் தட்டினார். டெட்ராய்ட் நகரின் பிரதிநிதியாக நாடாளுமன்றத்தில் இருந்த சார்ல்ஸ் டிக்ஸுக்கு எழுதி, 1909ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தும்படி கேட்டார். பாடகரின் இசை அமைப்பைச் சொல்லுக்குச் சொல், சுரத்துக்குச் சுரம் நகலெடுப்பதை நிறுத்த வேண்டும் என்பதே அவருடைய கோரிக்கை. பதில் ஏதும் நடக்கவில்லை.

அப்படியும் பேக்கர் சிரிப்பை விடவில்லை. ஆஸ்திரேலியாவுக்கு இசைப்பயணம் புறப்படும் முன் விமானப் பயணக் காப்புறுதி எடுத்து, அதன் பலனை ஜார்ஜியா கிப்ஸின் பெயருக்கு எழுதி அனுப்பி வைத்தார். விமானம் விழுந்து தாம் இறந்துவிட்டால் அந்த அம்மையாருக்குப் பாட்டு கிடைக்காமல் போய்விடுமே, அந்த நட்டத்தை ஈடு செய்யத்தான் என்பது அவர் சொன்ன விளக்கம். கோபத்தை இதைவிட மரியாதையாக யாரும் அனுப்பியிருக்க முடியாது.

கிப்ஸ் தரப்பிலும் ஒரு நியாயம் இருந்தது. எந்தப் பாட்டைப் பாட வேண்டும் என்பதை முடிவு செய்தது தாம் அல்ல, நிறுவனத்தில் இருந்தவர்கள்தான் என்று அவர் சொன்னார். அன்றைய பாடகிகளின் நிலை அதுதான். இருந்தாலும் அதே ஆண்டு அவர் முதலிடம் பிடித்த ‘டான்ஸ் வித் மீ ஹென்றி’ பாட்டும் இன்னொருவருடையதே. அதை முதலில் பாடியபோது எட்டா ஜேம்ஸுக்கு வயது 16. மூலப் பாட்டில் ‘ஆடு’ என்பதற்குப் பதிலாக இருந்த சொல் சற்று விரசமானது என்று கருதி, கிப்ஸின் பதிப்பில் அதை மாற்றினார்கள். ஜேம்ஸின் தட்டு ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலில் முதலிடம், கிப்ஸின் தட்டு ஜூக் பாக்ஸ் பட்டியலில் முதலிடம். கிப்ஸ் தேசியத் தொலைக்காட்சியில் பாடியபோது தாம் சிறு விடுதிகளில் அதே பாட்டைப் பாடிக்கொண்டிருந்ததைப் பல ஆண்டுகள் கழித்தும் ஜேம்ஸால் மறக்க முடியவில்லை.

நகல்களுக்கு எதிர்ப்பே இல்லாமல் போய்விடவில்லை. மூலத்தை வரிக்கு வரி நகலெடுத்த தட்டுகளை ஒலியேற்ற மாட்டோம் என்று 1955இல் நியூயார்க்கின் வின்ஸ் வானொலி நிலையம் அறிவித்தது. ஒரு பாட்டைத் தம் பாணியில் பாடுவது வேறு, நகலெடுப்பது வேறு என்று அது பிரித்துப் பார்த்தது.

டொமினோவுக்கு ஏன் கோபமில்லை?

அதே 1955இல் நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த ஃபேட்ஸ் டொமினோ பியானோவில் அமர்ந்து பாடிய ‘எயின்ட் தட் எ ஷேம்’ ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலில் 11 வாரம் முதலிடத்தில் இருந்தது. பொதுப் பட்டியலில் அவரால் பத்தாம் இடம் வரைதான் வர முடிந்தது. டாட் நிறுவனத்தின் புதுமுகம் பேட் பூன் அதைப் பாடி முதலிடத்துக்குப் போனார். அப்போது பூன் 21 வயது மாணவர். பாட்டின் தலைப்பில் இலக்கணம் சரியில்லை, திருத்திப் பாடட்டுமா என்று அவர் கேட்டதாக ஒரு செய்தி உண்டு. நல்ல வேளை, யாரும் சம்மதிக்கவில்லை.

பேக்கருக்கு வந்த கோபம் டொமினோவுக்கு ஏன் வரவில்லை? ஒரு நாள் மேடையில் பூனை அழைத்துத் தம் விரல் மோதிரத்தைக் காட்டி, இந்த மனிதர் பாடிய பாட்டில் வாங்கியது என்று டொமினோ சொன்னாராம். இது பூன் சொல்லும் கதை, அவருக்குச் சாதகமான கதையும்கூட. ஆனால் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. அந்தப் பாட்டை டேவ் பார்தலோமியூவுடன் சேர்ந்து எழுதியவர் டொமினோ. பூன் விற்ற ஒவ்வொரு தட்டிலிருந்தும் பாட்டுக்கான பணத்தில் அவருக்குப் பங்கு உண்டு. பேக்கர் குரலைத்தான் தந்தார். சட்டத்தின் கண்ணில் பேனாவுக்கு விலை இருந்தது, தொண்டைக்கு இல்லை.

இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டவர்கள் வேறு சிலரும் இருந்தார்கள். செயிண்ட் லூயிஸைச் சேர்ந்த 28 வயது சக் பெரி, 1955 மே 21ஆம் தேதி சிக்காகோவின் செஸ் நிறுவனத்தில் ‘மேபலீன்’ பாட்டைப் பதிவு செய்தார். கார்கள் துரத்திப் போகும் பாட்டு. ‘ஐடா ரெட்’ என்ற பழைய நாட்டுப்புறப் பாட்டின் சாயல் அதில் உண்டு. ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலில் 11 வாரம் முதலிடம், பொதுப் பட்டியலில் ஐந்தாம் இடம். கறுப்பினக் கலைஞர் ஒருவரின் மூலத் தட்டே வெள்ளை இளையர்களின் கைக்கு நேராகப் போய்ச் சேர்ந்தது.

அதில் வின்ஸ் நிலையத்தின் புகழ்பெற்ற அறிவிப்பாளர் ஆலன் ஃப்ரீடுக்குப் பெரும் பங்கு உண்டு. ராக் அண்ட் ரோல் என்ற பெயரை நாடெங்கும் பரப்பியவர் அவர். நகல்களை ஒதுக்கிவிட்டுக் கறுப்பினக் கலைஞர்களின் மூலத் தட்டுகளையே சுழல விட்டவர். இரவு நேரத்தில் அவர் ‘மேபலீன்’ பாட்டை விடாமல் ஒலியேற்றினார். ஆனால் தட்டில் பாட்டை எழுதியவர்கள் என்று மூன்று பெயர்கள் இருந்தன. சக் பெரியுடன் ஆலன் ஃப்ரீடும், செஸ் சகோதரர்களுக்குத் தெரிந்த ரஸ் ஃப்ராட்டோ என்ற வியாபாரியும்! இருவரும் ஒரு வரிகூட எழுதியவர்கள் அல்லர். ராயல்டிக் கணக்கைப் பார்த்தபோதுதான் பெரிக்கு விவரம் புரிந்தது. மூன்குளோஸ் குழுவின் ‘சின்சியர்லி’ பாட்டிலும் ஃப்ரீடின் பெயர் இப்படித்தான் நுழைந்திருந்தது.

ஃப்ரீடை நல்லவர், கெட்டவர் என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடியாது. அவர் இல்லாவிட்டால் பெரியின் குரல் நியூயார்க்கின் வெள்ளை வீடுகளுக்குள் அவ்வளவு சீக்கிரம் போயிருக்காது. போவதற்கு அவர் வசூலித்த கட்டணம் பாட்டின் உரிமையில் ஒரு பங்கு. ஒலியேற்றுவதற்குக் கைக்கூலி வாங்கிய விவகாரம் 1959இல் வெடித்தபோது அவருடைய வாழ்க்கை சரிந்தது. 1962இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார், 1965இல் 43 வயதில் காலமானார்.

நகலெடுக்க முடியாத குரல்

ஆண்டின் பிற்பாதியில் காற்று மெல்லத் திசை மாறியது. மேலாளர் பக் ராம், பெங்குயின்ஸ் குழுவை மெர்க்குரி நிறுவனத்தில் சேர்க்கும்போது, பிளாட்டர்ஸ் என்ற தம்முடைய இன்னொரு குழுவையும் சேர்த்து எடுத்தால்தான் ஆச்சு என்று நிபந்தனை போட்டார். நிறுவனம் விரும்பியது பெங்குயின்ஸைத்தான். ஆனால் ஒட்டிக்கொண்டு வந்த பிளாட்டர்ஸ் பாடிய ‘ஓன்லி யூ’ பொதுப் பட்டியலில் ஐந்தாம் இடம் வரை ஏறியது. ஹில்டாப்பர்ஸ் என்ற வெள்ளைக் குழு வெளியிட்ட நகல் எட்டாம் இடத்தோடு நின்றுவிட்டது. மூலம் நகலை வென்றது. 1956 தொடக்கத்தில் அதே பிளாட்டர்ஸின் ‘த கிரேட் பிரிட்டெண்டர்’ பொதுப் பட்டியலிலேயே முதலிடம் பிடித்தது. இதற்கு ஒரு காரணம், பிளாட்டர்ஸின் பின்னால் இருந்ததும் பெரிய நிறுவனம் என்பது. முன்னணிப் பாடகர் டோனி வில்லியம்ஸின் குரல் இன்னொரு காரணம். மெட்டை எழுதி வாங்கலாம், அந்தக் குரலில் விழும் விக்கலை எழுதி வாங்க முடியாது.

லிட்டில் ரிச்சர்ட் இதை ஒரு போர்த் தந்திரமாகவே ஆக்கிக்கொண்டார். பேருந்து நிலையத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அவர், 1955 செப்டம்பரில் நியூ ஆர்லியன்ஸில் ‘டூட்டி ஃப்ரூட்டி’ பாட்டைப் பதிவு செய்தார். வழக்கம்போல பேட் பூன் அதையும் பாடினார். பூனுக்குப் பன்னிரண்டாம் இடம், ரிச்சர்டுக்குப் பதினேழு. அடுத்த பாட்டான ‘லாங் டால் சாலி’யை, பூனின் வாய் ஈடு கொடுக்க முடியாத வேகத்தில் அமைக்க வேண்டும் என்று ரிச்சர்டும் தயாரிப்பாளர் பம்ப்ஸ் பிளாக்வெல்லும் முடிவு செய்தார்கள். பூன் அதையும் விடவில்லை. ஆனால் 1956இன் பட்டியலில் ரிச்சர்டுக்கு ஆறாம் இடம், பூனுக்கு எட்டு.

அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் ஒலிப்பதிவுக்கே பாதுகாப்புக் கொடுத்தது 1972 பிப்ரவரி 15ஆம் தேதி முதல்தான். அதன்பின் ஒருவருடைய தட்டை அப்படியே படியெடுத்து விற்க முடியாது. ‘மேபலீன்’ பாட்டில் ஒட்டியிருந்த மற்ற இரண்டு பெயர்களும் 1986இல் நீங்கி, பாட்டு முழுமையாகச் சக் பெரியிடம் திரும்பியது. பதிவாகி 31 ஆண்டுகள் கழித்து!

லாவேர்ன் பேக்கருக்கு ராக் அண்ட் ரோல் புகழரங்கில் 1991இல் இடம் கிடைத்தது. 1997இல் அவர் காலமானார். அவர் டிக்ஸுக்கு எழுதிய கடிதத்தில் கேட்ட திருத்தம் மட்டும் இன்றுவரை சட்டத்தில் ஏறவில்லை. வேறு கலைஞர்களை அமர்த்தி, அதே அமைப்பில், அதே மாதிரி ஒலிக்கும்படி புதிதாகப் பாடிப் பதிவு செய்தால் ஒலிப்பதிவு உரிமையை மீறியதாகாது என்று அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 114ஆம் பிரிவு இன்றும் சொல்கிறது.